கொப்பளிப்பான்: ஊசி போடுறதா, வந்திட்டுப் போகட்டும் எண்டு விடுறதா?

பாலைப்பழம்:
மல்லாவிப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு அடுத்தடுத்துக் கொப்பளிப்பான் (சிக்கன்பொக்ஸ்). எங்கட மூத்தவனுக்கு முந்தநாள் வந்திட்டுது. இளையவளுக்கு 4 வயது, எம்.எம்.ஆர் ரெண்டும் போட்டது. அதுக்குள்ள இது அடங்காதோ? "சின்னனில வந்தால் நல்லதுதானே" எண்டு பெரியாக்கள் சொல்லினம். அதே வீட்டில மச்சாளுக்கு அஞ்சாம் மாதம். அவவுக்கு முந்தி வந்த ஞாபகம் இல்லை. ஆருக்கு ஊசி போடலாம்?

நந்திக்கடல்:
எம்.எம்.ஆர் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும்தான். கொப்பளிப்பான் ஊசி எங்கட அரச தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசுக்குத்தான் போடவேணும்.

முதலில் மச்சாளைப் பாருங்கோ. இந்த ஊசியில் இருக்கிறது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ், கர்ப்பிணிக்குப் போடவே கூடாது. இன்றைக்கே கர்ப்பகால அட்டையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் நோயாளி இருக்கிறதை வாசலிலேயே சொல்லுங்கோ. மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் இருக்க விடாதேங்கோ. இரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி இல்லையென்றால் இம்யூனோகுளோபுலினோ (ஆயத்த எதிர்ப்புச்சக்தி ஊசி) வைரஸ் எதிர்ப்பு மருந்தோ தேவையா என்று வைத்தியர் முடிவெடுப்பார். இம்யூனோகுளோபுலின் என்றால் தொற்றுப்பட்டு 10 நாளுக்குள் போட்டாகவேணும். கர்ப்பிணிக்கு நியூமோனியா வந்தால் தாய்க்கே ஆபத்து. 20 கிழமைக்கு முன் தொற்றினால் 100 பேரில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு அங்கக் குறைபாடு வரலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்னிருந்து 2 நாள் பின்வரை தாய்க்கு வந்தால் பச்சைப்பிள்ளைக்கு மிகவும் கடுமையாக வரும்.

இளையவளுக்கு இன்னும் நேரம் இருக்கு. தொற்றுப்பட்டு 3 நாளுக்குள், பிந்தினாலும் 5 நாளுக்குள் போட்டால் நோய் வராமலோ லேசாகவோ போக வாய்ப்பு அதிகம்.

"வந்தால் நல்லது" என்ற கதை எனக்குச் சரியாகப் படேல்லை. அமெரிக்காவில் 1995இல் இந்த ஊசி வரமுன்னம், லேசான வருத்தம் என்று சொன்ன இதே நோயால் வருடம் 100 முதல் 150 பேர் செத்தார்கள். எங்கட மாதிரி வெப்ப நாடுகளில் பலர் வராமலே வளர்ந்திடுவினம். பெரியாக்களுக்குத்தான் அது கடுமை. வீட்டில் ஒருவருக்கு வந்தால் முந்தி வராத 10 பேரில் 9 பேருக்குத் தொற்றலாம். 2009இல் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாம்களில் நெருக்கடிக்குள் இது பரவினதை வன்னியில் ஆரும் மறந்திருக்கமாட்டினம்.

முறிப்புக்குளம்:
ஊசியில பிழை வாற இடம் குளிர். அது தூளாக வரும், கரைக்கிற நீர் தனிக் குப்பியில. பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேணும். வவுனியாவில வாங்கி மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள வெயிலோட கொண்டுவந்தால் வைரஸ் செத்துப்போகும், குப்பியைப் பார்த்து ஒண்டும் தெரியாது. வைத்திருக்கிற இடத்திலேயே போடுங்கோ. கண்ணுக்கு முன்னால கரைக்கச் சொல்லிக் கேளுங்கோ, கரைச்சதை உடனே ஏற்றவேணும். அளவு 0.5 மில்லி, தோலுக்குக் கீழ. 13 வயதுக்கு மேல ரெண்டாவது 4 முதல் 8 கிழமையில. சின்னப் பிள்ளைக்குக் குறைஞ்சது 3 மாத இடைவெளி. ஒண்டோட நிற்பாட்டாதேங்கோ, ரெண்டு போட்டால்தான் பாதுகாப்பு 90 வீதத்துக்கு மேல. கலியாணத்துக்கு நிற்கிற, இது வராத பெட்டையளுக்குப் போட்டு, பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்தால் உங்கட மச்சாள் மாதிரி ஆரும் பயப்படத் தேவையில்லை.

பாலைப்பழம்:
நன்றி அண்ணை. மச்சாளை இப்பவே அனுப்புறன். படலையில வேப்பிலை கட்டியாச்சு. தண்ணி வாக்கும்வரை மருந்து குடுக்கப்படாது எண்டு அம்மம்மா சொல்லுறா.

நந்திக்கடல்:
வேப்பிலை இருக்கட்டும், ஆக்கள் உள்ளே வராமல் தடுக்கிறது நல்ல வழக்கம். ஆனால் பரு தெரிய 1–2 நாள் முன்னமே தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டும்போது வகுப்பில் பாதிக்குப் போயிருக்கும். தனிமைப்படுத்தி மட்டும் இதை மறிக்க ஏலாது.

காய்ச்சலுக்குப் பனடோல் குடுங்கோ: 20 கிலோ பிள்ளைக்கு 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி 10 மில்லி, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். டிஸ்பிரின் (அஸ்பிரின்) கூடவே கூடாது, ஈரலும் மூளையும் பழுதாகலாம். இபுபுரூஃபனும் வேண்டாம், அது தோலில் கிருமித்தொற்றுக் கடுமையாவதோடு தொடர்புபட்டது. உடம்பு கழுவாமல் விட்டால் சொறிந்த பருவில் சீழ் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணி வார்த்து ஒற்றித் துடையுங்கோ, தேய்க்காதேங்கோ. நகத்தை ஒட்ட வெட்டுங்கோ. அம்மம்மாவிட்டை இளநீருக்குச் சம்மதம் சொல்லுங்கோ, ஆனால் மீன், முட்டையை நிற்பாட்ட வேண்டாம்.

மூச்சு வாங்கினால், தள்ளாடினால், ஓயாமல் சத்தியெடுத்தால், இறங்கின காய்ச்சல் திரும்ப ஏறினால் ராத்திரியென்றும் பாராமல் கொண்டுபோங்கோ. எல்லாப் பருவும் அயறு கட்டினபிறகு, அநேகமாக ஒரு கிழமையில், பள்ளிக்கூடம் விடலாம். அயறு விழுமட்டும் மறிக்கத் தேவையில்லை.