75 செ.மீ. மேசை: கீபோர்டு தட்டு பொருத்துவதா, மேசைக்காலை அறுப்பதா?

சென்னையில் 22 பேர் வேலை பார்க்கும் பில்லிங் அலுவலகம். மேசை உயரம் 75 செ.மீ., ஏற்றி இறக்க முடியாது. 155 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள ஆறு பேருக்கு மூன்று மாதமாக வலது மணிக்கட்டிலும் தோளிலும் வலி. இருவருக்கு இரவில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன; அவர்களை மருத்துவரிடம் அனுப்பியாயிற்று.

ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்தோம்: முழங்கை 90 டிகிரி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், அரை மணிக்கு ஒருமுறை எழுவது. இரண்டு வாரம் நடந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். நாற்காலியை உயர்த்திக் பாதம் ஊன்ற 10 செ.மீ. பலகை வைத்தோம். நாற்காலியின் கைப்பிடி மேசையில் இடிப்பதால் தள்ளி உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். கீபோர்டுக்கு முன்னால் வைத்த ஜெல் திண்டு மணிக்கட்டை அழுத்தியதுதான் மிச்சம்.

மேசைக்கு இரும்புக் கால், 25 மி.மீ. தடிமனான மேற்பலகை. கீழே கீபோர்டு தட்டு பொருத்தினால் தொடை இடிக்குமா, இல்லை மேசைக்காலையே 6 செ.மீ. அறுத்துவிடலாமா?