ஏற்காடு இறக்கத்தில் பிரேக் தொய்ந்த விஷயம்: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேனே, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 6-ஆவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் என் டர்போ ஹேட்ச்பேக்கின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனதென்று. வேலை முடிந்துவிட்டது.

பலரும் பெரிய டிஸ்க் போடச் சொன்னீர்கள். போடவில்லை. கோளாறு டிஸ்க்கில் இல்லை, ஆயிலில். மெக்கானிக் அண்ணன் பிளீட் செய்தபோது, அதாவது பழைய ஆயிலை வெளியேற்றியபோது, டியூபில் வந்தது கருத்த டிகாஷன் நிறம். மூன்று வருடமாக மாற்றாதது என் தப்பு. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழி, பெடலை மிதித்தால் அமுங்குவது அந்தக் குமிழிதான்.

இப்போது டாட் 5.1 ஆயில், முன்பக்கம் சூடு தாங்கும் பேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ். சிலிக்கான் டாட் 5 வேறு, தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புது பேட் டிஸ்க்கோடு நன்றாகப் படிய, விடியற்காலை காலி ரோட்டில் 60-லிருந்து 10 வரை, நிறுத்தாமல், பத்து தடவை வேகம் குறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு 20 வளைவும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அடிவாரத்திலும் பெடல் கல் மாதிரி நின்றது. அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார்கள், எனக்கு அது போதும். காலைக் குளிரில் முதல் இரண்டு மிதிக்கு லேசாகக் கீச்சிடுகிறது, அவ்வளவுதான்.