பைகேட்ச்: துணைப்பிடியா, உடன்பாடா?

நண்பர்களே, கடலாமைகள் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஏழுவரி ஆமைக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை, முதுகில் ஓடும் ஏழு வரம்பைப் பார்த்து மீனவர்களே வைத்துவிட்டார்கள். வேறு மீனைப் பிடிக்கையில் கூடவே சிக்கும் உயிர்களைச் சொல்கிற 'பைகேட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். சூரை மீனுக்கு விட்ட தூண்டில் கயிறு ஆமையின் துடுப்பில் சுற்றிக்கொள்ள, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கியே செத்துப்போகிறது. 'துணைப்பிடி' என்று எழுதினால் ஏதோ உதவிக்கு வந்த மாதிரி இருக்கிறது.

———

தங்கைக்கு, வலையில் கிடைப்பதை 'மீன்பாடு' என்பது கடற்கரை வழக்கு. படு, முதனிலை திரிந்து பாடு. உடன் பட்டது உடன்பாடு, முடிந்தது. அப்புறம், 'ஆமை'யை விடப் பழையது 'யாமை'. அகநானூறு 160இல் 'நிறைச்சூல் யாமை' மணலில் மறைத்துப் புதைத்த முட்டை, யானைத் தந்தத்தில் செய்த வட்டு போல இருக்கிறது. நூல் முழுக்க யாமை என்றே எழுதலாமே?

———

ஐயா, 'ஆமைகள் உடன்பாட்டால் சாகின்றன' என்று படிக்கிற பிள்ளை, ஆமையும் வலையும் கையெழுத்துப் போட்டதாக நினைக்கும். அதே பாட்டில் ஆண் ஆமை முட்டையைக் காவல் காக்கிறது. நிஜத்தில் ஏழுவரி ஆமையின் ஆண், குஞ்சாகக் கடலில் இறங்கியதோடு சரி, கரைப்பக்கமே வருவதில்லை. என் ஓட்டு 'வேண்டாப்பிடி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்றும் மிகுந்தாச்சு, யாரும் சண்டைக்கு வர முடியாது.

———

நான் வருகிறேன். கூடச் சிக்குவதில் விலைபோகிற மீனும் உண்டு, அது எப்படி வேண்டாததாகும்? 'உடன்பிடி' போதும். இன்னொன்று, 'நெகிழிப்பை'யை பிளாஸ்டிக் பை என்றே விடுங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்து அதை விழுங்குகிற ஆமைக்குத் தொண்டை முழுக்க முள், எல்லாம் வயிற்றுப் பக்கம் சாய்ந்தவை. வழுக்குகிற இரை நழுவாமலிருக்க அமைந்த முள், பையையும் திரும்ப விடாது. இந்த இடத்தில் பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நிற்கக் கூடாது.

———

அண்ணா, நெகிழி பாடப்புத்தகத்திலேயே வந்தாச்சு, இருக்கட்டும். உடன்பிடிக்குத்தான் ஆள் அதிகம், எனக்கும் இனித் தெம்பில்லை. முதல் இடத்தில் மட்டும் 'வேறு மீனுக்கு விரித்த வலையில் கூடவே சிக்குவது' என்று விளக்கிவிட்டேன். யாமை வராது ஐயா, மன்னிக்கணும்.

———

போடுங்கள் அம்மா. உடன்பிடிக்கு என் உடன்பாடு இல்லை என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.