கல்லூரிக்கு முதலில் எது: மனநல ஆலோசகரா, காலைச் சாப்பாடா?

கரிசல்வாத்தியார்: 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆலோசகர் என்பது தாவரவியல் ஆசிரியர் தலையில் கட்டிய கூடுதல் பொறுப்பு. நிர்வாகத்தை நெருக்க இதுதான் நேரம்.

முதல்பஸ்: சார், நான் பி.காம். இரண்டாம் வருடம். ஆறேகால் பஸ்ஸை விட்டால் முதல் ஹவர் போச்சு. அந்நேரத்துக்கு வீட்டில் உலையே வைத்திருக்க மாட்டார்கள். பதினோரு மணிக்குத் தலை சுற்றும். அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில்தான் விழுகிறது, போவது தம்பி டியூஷனுக்கு. 2019-21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. ஆலோசகர் வந்து “ஏம்மா சோர்வா இருக்க?” என்று கேட்கவா?

நாலாம்பெஞ்ச்: அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டால் இரவு பகல் இலவசமாகப் பேசுகிறார்கள். அப்புறம் தனியாக ஒருவருக்கு எதற்குச் சம்பளம்?

கரிசல்வாத்தியார்: தம்பி, ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேர். எங்கே நின்று பேசுவான்? போன வருடம் என் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென வரவில்லை. சோற்றுக்குக் குறைவில்லாத வீடுதான். சாதியைச் சொல்லிச் சீண்டியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தபோது டி.சி. வாங்கிப் போய்விட்டான்.

ஊன்றுகோல்: ஆலோசகர் அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் அவன் போயிருப்பானா? வெளியாளாக இருக்கணும், சொன்னது வெளியே போகக்கூடாது. வெறும் உத்தரவை நம்பாதீர்கள் சார். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்து இத்தனை வருடம். எங்கள் கல்லூரியில் சாய்தளம் போட்டார்கள், ஏறி முடித்தால் பூட்டிய கதவு. வாட்ச்மேனைத் தேடணும்.

முதல்பஸ்: அந்தப் பையன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி சார். ஆனால் மயங்கி விழுபவளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. “சாப்பிடாம வந்தியா?” என்று திட்டிவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

கரிசல்வாத்தியார்: திட்டியவர்களில் நானும் உண்டும்மா. கேண்டீன் ஒன்பதரைக்குத் திறக்கிறது. எட்டுக்கே திறக்கச் சொல்லி நாளைக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆலோசகர் மனுவும் கூடவே போகும்.

முதல்பஸ்: திறந்தால் போதுமா சார்? அங்கே பொங்கல் 40 ரூபாய்.