மறுமொழி: ஆயில் சீலுக்கு ‘அடைப்பு’ வேண்டாம்

அன்பு நண்பர்களே,

திங்கள் காலை நம் வண்டிப் பராமரிப்புக் கையேடு அச்சுக்குப் போகிறது. 11 நாளாக இந்த மடல் இழை ஓடியும், எஞ்சின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும் கேஸ்கட்டுக்கும் தமிழ்ச்சொல் முடிவாகவில்லை. தக்கலையில் என் மாலை வகுப்புக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் பழைய டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள். தோவாளைப் பூவோ குளச்சல் மீனோ குலசேகரத்து ரப்பர் ஷீட்டோ, எதை ஏற்றினாலும் வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு நிற்பதில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு.

சீலுக்கு ‘முத்திரை’ என்ற யோசனையைத் தள்ளியது நல்லது. அது அரக்கில் குத்துகிற சீல்.

‘அடைப்பு’, ‘அடைப்பான்’ என்று பலர் சொல்கிறீர்கள். இலக்கணத்தில் குறை இல்லை, பட்டறையில்தான் உதைக்கிறது. என் வண்டியில் கிராங்க் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) பின்பக்க சீலை இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி. ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகியது. கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றிக் காட்டினார்: கரியும் பிசினும் கட்டி மூடிக் கிடந்தது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழியில்லாமல் போனால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அது எண்ணெயைச் சீல் வழியே தள்ளிவிடும். இதை உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள்: ‘பிரீதரில் அடைப்பு இருந்தால் அடைப்பில் எண்ணெய் ஒழுகும்.’ படிக்கிற பையன் எதைக் கழற்றுவான்?

அப்புறம், சீலும் கேஸ்கட்டும் ஒன்றல்ல. கேஸ்கட், நம் ஊர்ப் பேச்சில் பேக்கிங், அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடப்பது. எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரிலும் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பிலும் இருப்பது அதுதான். போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் பிதுங்கிவிடும். சீல் அப்படியில்லை. சுழலும் தண்டை ரப்பர் உதட்டால் பிடித்திருக்கும்; உதட்டை இறுக்க உள்ளே மெல்லிய சுருள்வில் உண்டு. சூட்டில் உதடு விறைத்துப்போகும். தண்டில் தடம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும். வைத்தியம் வேறு என்றால் பெயரும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

கேஸ்கட்டுக்கு நான் சொல்வது ‘கலப்பற்று’. மரக்கலத்தில் பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்கு அகராதியில் இருக்கிற சொல். இதில்தான் நாலு நாள் போனது. கலம் + பற்று என்று நெல்லை நண்பர் பிரித்தார். போர்ச்சுகீசிய ‘கலஃபாத்தே’ என்று தூத்துக்குடி அண்ணாச்சி மறுத்தார். பேச்சு அரபு வரை போய்விட்டது. எனக்கு அண்ணாச்சி சொல்வதே சரியாகப் படுகிறது. வேற்றுமொழி வேர் என்றால் தள்ளவேண்டும் என்கிறார் சென்னை ஐயா. ஐயா, சாவியும் ஜன்னலும் அதே கப்பலில் வந்தவைதானே? அவற்றை யாரும் வெளியே தள்ளவில்லையே.

சீலுக்கு என் சொல் ‘உதட்டு வளையம்’. வகுப்பில் சிரிப்பார்கள் என்கிறார் பாளையங்கோட்டை டீச்சரம்மா. பெரும்பாலோர் ‘கசிவுத்தடை’ பக்கம். ‘காதலாகிக் கசிந்து’ என்று சம்பந்தர் பாடிய சொல்லை எஞ்சின் எண்ணெய்க்கு வைக்கலாமா என்ற மடலையும் படித்தேன். தாராளமாக வைக்கலாம். ஈரம் கசிவதைப் பார்த்துத்தானே உள்ளம் கசிவதையும் சொன்னார்கள்? ஆனால் கசிவு வேறு, ஒழுக்கு வேறு. எஞ்சினில் ஈரம் படர்ந்து தூசி ஒட்டினால் கசிவு. துடைத்துவிட்டுக் கவனித்து வரலாம். நிறுத்திய இடத்தில் சொட்டினால் ஒழுக்கு. எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் பேச்சிப்பாறை ஏற்றத்துக்குப் போகக்கூடாது. இந்த இரண்டு சொல்லும் கையேட்டில் இப்படியே இருக்கும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கடையில் புரியுமா என்று கேட்டவர்களுக்கு: ஆயில் சீல் என்ற பெயரும் பக்கத்திலேயே இருக்கும். சீலின் மேல் 35-52-7 என்பதுபோல உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதைச் சொன்னால் போதும், கடைக்காரர் எடுத்துத் தருவார்.

சரி, கணக்குப் பார்த்தால் கசிவுத்தடைக்கு ஏழு பேர், உதட்டு வளையத்துக்கு என்னோடு மூன்று. கசிவுத்தடை என்றே போடுகிறேன். கேஸ்கட்டும் கசிவைத்தானே தடுக்கிறது என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிறு இரவு 10 மணிக்குள் யாராவது வேறு சொல் தந்தால் மாற்றிவிடுகிறேன்.

பி.கு.: பிரீதருக்கு ‘மூச்சுக்குழாய்’ என்று எழுதியவருக்கு: அது டாக்டர்கள் கையில் இருக்கிற சொல். ‘ஆவிபோக்கி’ எப்படி?