சிமுலேஷனை மட்டும் வைத்து பிஎச்டி முடிக்க முடியுமா?

ஸ்விட்ச்நோட்:
பவர் எலக்ட்ரானிக்ஸில் பிஎச்டி, இரண்டாம் வருடம். என் கன்வர்ட்டர் 100 வோல்ட்டை 48 ஆக இறக்கும் பக். 20 ஆம்பியர், 500 கிலோஹெர்ட்ஸ், காலியம் நைட்ரைடு ஸ்விட்ச். ஆய்வில் புதிது என்று சொன்னால், டெட் டைமை (இரண்டு ஸ்விட்சுகளும் ஆஃபாக இருக்கும் இடைவெளியை) சுமைக்கேற்ப 50 நானோ செகண்டிலிருந்து 10 வரை குறைக்கும் அல்காரிதம்தான். சிமுலேஷனில் அழகாக வேலை செய்கிறது. போர்டில் ஓட்டினால், கீழ் ஸ்விட்சின் கேட்டில் (அதை ஆன், ஆஃப் செய்யும் முனையில்) 130 மெகாஹெர்ட்ஸ் ரிங்கிங், அதாவது தேவையில்லாத அலைவு. எஃபிஷியன்சி ஒரு நாள் 97.8 சதவீதம், மறுநாள் 98.6. ஹார்டுவேர் ரிசல்ட் இல்லாமல் பேப்பர் அனுப்பக் கூடாது என்கிறார் கைடு. சிமுலேஷனோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

பழைய ஸ்னப்பர்:
தம்பி, உங்கள் கைடு சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

சிலிக்கான் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டையோடு காலியம் நைட்ரைடில் கிடையாது. டெட் டைமில் கரண்ட் தலைகீழாகப் போகும்போது சுமார் 2.5 வோல்ட் விழும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சைக்கிளில் இரண்டு முறை 50 நானோ செகண்ட், அதாவது நேரத்தில் 5 சதவீதம். 2.5 வோல்ட், 20 ஆம்பியர், 5 சதவீதம்: 2.5 வாட். டெட் டைமை 10-க்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது 2 வாட். உங்கள் ஆய்வு முழுவதும் இந்த 2 வாட்டில்தான் நிற்கிறது. மாடலில் அந்த இழப்பை எழுதி வைத்ததும் நீங்கள், குறைத்துக் காட்டுவதும் நீங்கள். ரிவ்யூவர் எதை நம்புவார்?

இப்போது மீட்டருக்கு வருவோம். இன்புட், அவுட்புட் இரண்டிலும் 0.5 சதவீதப் பிழை என்றால், 1 கிலோவாட்டில் பக்கத்துக்கு 5 வாட். இரண்டும் எதிர்த்திசையில் போனால் 10 வாட். உங்கள் மொத்த இழப்பே 20 வாட் அளவுதான்! 97.8-க்கும் 98.6-க்கும் நடுவில் 8 வாட் வித்தியாசம். அதில் 2 வாட்டை எங்கே தேடுவீர்கள்?

அதனால் எஃபிஷியன்சி எண்ணைத் துரத்தாதீர்கள். போர்டு சூடாகி நிலைக்கு வரட்டும். அதே மீட்டர், அதே ரேஞ்ச், ஒயரைத் தொடாமல், அல்காரிதத்தை ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மீட்டரின் நிலையான பிழை இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் பெரும்பாலும் போய்விடும். கூடவே ஸ்விட்சின் வெப்பநிலையையும் பாருங்கள். ஓய்வில் இருக்கும் போர்டில் அதே ஸ்விட்சை ஆன் செய்து வைத்து டிசி கரண்ட் அனுப்பினால், எத்தனை வாட்டுக்கு எவ்வளவு சூடு என்று ஒரு கோடு கிடைக்கும். மாற்றம் அந்தக் கோட்டோடு ஒத்துப்போனால் எந்த ரிவ்யூவரும் கை வைக்க மாட்டார். (இதற்கு ஒரு பகல் முழுக்கப் போகும். லேப் ஏசியை நடுவில் யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி.)

அந்த 130 மெகாஹெர்ட்ஸ் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஸ்கோப் ப்ரோபில் முதலைக்கிளிப் வைத்த கிரவுண்ட் ஒயரா? 15 சென்டிமீட்டர் ஒயர் ஏறக்குறைய 150 நானோஹென்றி. ப்ரோபின் 10 பிகோஃபாரடோடு சேர்ந்தால் அது ஒத்ததிர்வது சரியாக 130-இல்தான். ஒயரைக் கழற்றிவிட்டு முனையில் குட்டி ஸ்பிரிங்கைப் போட்டுப் பாருங்கள்.

கிரிட்_39:
நான் பவர் சிஸ்டம்ஸ். எங்களிடம் யாரும் கிரிட்டைக் கட்டிக் காட்டு என்று கேட்பதில்லை. ஐஇஇஇ 39 பஸ் என்ற பொதுவான சோதனை கிரிட் மாடல், அதன் 10 ஜெனரேட்டர்கள், போதும். எங்கள் கேள்வி முழு நெட்வொர்க் எப்படி நடந்துகொள்ளும் என்பது. உங்கள் கேள்வி நானோ செகண்டில் இருக்கிறது. ரியல் டைம் சிமுலேட்டரில் (நிஜ நேரத்திலேயே ஓடும் சிமுலேஷனில்) கன்ட்ரோலரை மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒரு விஷயம்: அது கணக்கிடும் ஒவ்வொரு ஸ்டெப்பும் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான நானோ செகண்ட். லாஜிக் சரியா என்று பார்க்க உதவும், 2 வாட்டைக் காட்டாது.

ஸ்விட்ச்நோட்:
அண்ணா, கிளிப் ஒயர்தான்! ஸ்பிரிங் போட்டதும் 130 காணாமல் போய்விட்டது. இப்போது 300 மெகாஹெர்ட்ஸில் சிறியதாக ஒன்று, உச்சம் 5.4 வோல்ட். ஸ்கோப் 350 மெகாஹெர்ட்ஸ். விட்டுவிடலாமா?

பழைய ஸ்னப்பர்:
விடாதீர்கள். இது போர்டுடையதாக இருக்கலாம். உங்கள் ஸ்கோப் 350-இல் உயரத்தை 30 சதவீதம் குறைத்துக் காட்டும், 300-இலும் கணிசமாகக் குறையும், ப்ரோப் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தின்னும். அதனால் நிஜ உச்சம் 5.4-க்கு மேல். இந்த வகை ஸ்விட்சுக்குப் பெரும்பாலும் கேட் வரம்பே 6 வோல்ட்தான், டேட்டாஷீட்டில் பாருங்கள். கேட்டின் டர்ன் ஆன் ரெசிஸ்டரை ஒன்றிரண்டு ஓம் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் ஆன்-ஆஃப் சோதனையைத் தொடங்குங்கள். ரெசிஸ்டரை மாற்றினால் ஸ்விட்சிங் இழப்பும் மாறும் என்பதால், நடுவில் தொடாதீர்கள்.