வட்டவலை ஒரு தடவை தோன்றியதா, இரண்டு தடவையா?

வணக்கம். எங்கள் கிணற்றடிச் செடியில் ஒரு குட்டிச் சிலந்தி படுக்கைவாட்டில் வட்டவலை பின்னியிருக்கிறது. உலோபோரிடே குடும்பமோ என்று சந்தேகம். அந்தக் குடும்பத்துக்கு விஷச் சுரப்பியே இல்லை. இழையில் பசைத்துளியும் கிடையாது. பின்னங்கால் சீப்பால் வாரிய பஞ்சிழையில்தான் பூச்சி சிக்கும். பக்கத்திலேயே ஆர்ஜியோப் என்ற இன்னொரு வட்டவலைச் சிலந்தி தொங்குகிறது, அது இழையில் பசைத்துளி வைக்கும் பசைக்காரர்.

2014இல் வந்த மரபணு ஆய்வுகள், உலோபோரிடே குடும்பத்துக்கு ஆர்ஜியோப்பைவிட, வட்டவலை பின்னாத ஓநாய்ச் சிலந்தியும் குதிக்கும் சிலந்தியும்தான் நெருங்கிய சொந்தம் என்றன. அப்படியானால் வட்டவலை ஒருமுறை தோன்றிப் பல கிளைகளில் தொலைந்ததா, இல்லை தனித்தனியாக இருமுறை தோன்றியதா? இப்போது எந்தக் கட்சிக்கு வலு அதிகம்? அப்புறம், அந்தச் சீப்பு 10 மடங்கு லென்ஸில் தெரியுமா? கொன்று பார்க்க மனசில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.